கட்சியின் இரண்டு பிறந்தநாளும் வெளியூர்த் தோழர்களும்

இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி எப்போது பிறந்தது என்று கேட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு தேதி சொல்வார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கணக்குப்படி 1925 டிசம்பர் 26, கான்பூர். அந்தக் கணக்கில் 2025 டிசம்பரில் நூறு ஆண்டு நிறைந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் கணக்குப்படி 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட். அவர்கள் நூற்றாண்டை 2020லேயே கொண்டாடி விட்டார்கள். எது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வியாபாரியான எனக்கு அது வேலையும் இல்லை. ஆனால் இரண்டு பிறப்புச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. தாஷ்கண்ட் கூட்டத்துக்கும் சரி, கான்பூர் மாநாட்டுக்கும் சரி, தலைமை வகித்து உட்கார்ந்தவர் சென்னைப் பட்டணத்துக்காரர்.

முதலாமவர் மண்டயம் பிரதிவாதி பயங்கரம் திருமலாச்சாரியார், சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சார்யா. இரண்டாமவர் ம. சிங்காரவேலர். பின்னவரைத் தமிழர் அறிவர். முன்னவர் நம்மூர்ப் பம்பாயில் பத்தொன்பது வருஷம் வாழ்ந்து இங்கேயே இறந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஊரைவிட்டு வந்தவனைக் கட்சி எந்தப் பேரேட்டில் எழுதுகிறது என்பதே இக்கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது. பிறந்த ஊர்ப் புள்ளியாகவா, பிழைக்க வந்த ஊர்ப் புள்ளியாகவா? தமிழ்ச் சமணனாகிய எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மும்பையில் ஜைனர் என்றால் குஜராத்தி, மார்வாடி என்றே நினைக்கிறார்கள். நயினார் என்று சொன்னால் நம்மவர்களே ‘அது எந்த சாதி?’ என்கிறார்கள். அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

தாஷ்கண்டும் கான்பூரும்

ஆச்சார்யா 1887ல் சென்னையில் பிறந்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்தவர். போலீஸ் தொல்லையால் பத்திரிகை புதுச்சேரிக்குப் போனது. இவர் அங்கிருந்து லண்டன், பெர்லின் என்று சுற்றிக் கடைசியில் மாஸ்கோ சேர்ந்தார். 1920ல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டில் எம்.என். ராயோடு கலந்துகொண்டார். அதன் பிறகு தாஷ்கண்டில் கட்சி அமைத்தபோது கூடியவர்கள் மொத்தம் ஏழே பேர். ராயும் அவர் மனைவி ஈவ்லினும், அபனி முகர்ஜியும் அவர் மனைவி ரோசாவும், முகமது அலி, முகமது ஷபீக், ஆச்சார்யா. கூட்டக் குறிப்பில் தலைவர் என்று கையெழுத்திட்டவர் ஆச்சார்யா, செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஷபீக். ஏழு பேர்தான் என்றாலும் விதி போட்டார்கள் பாருங்கள்: புதிதாகச் சேருகிறவர் மூன்று மாதம் தேர்வுநிலையில் இருக்க வேண்டும். கடையில் புதுப் பையனை வைத்துப் பார்க்கிற மாதிரிதான். ஆனால் ஏழு பேருக்குள்ளேயே சண்டையும் வந்தது. 1921 ஜனவரியில் ஆச்சார்யா நீக்கப்பட்டார்.

கான்பூர் கதை வேறு விதம். சிங்காரவேலருக்கு அப்போது வயது 65. 1923 மே முதல் தேதி சென்னையில் இரண்டு இடத்தில் கூட்டம் போட்டு, இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் அவரே. மறு ஆண்டு கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நிலை காரணமாக வழக்கு மன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. டாங்கே, முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா நால்வருக்கும் நாலு வருஷச் சிறை. அதே கான்பூரில் 1925 கடைசியில், காங்கிரஸ் மகாசபை கூடியிருந்த நேரத்தில், பகிரங்கமாகவே கம்யூனிஸ்ட் மாநாடு கூடியது. கூட்டியவர் சத்யபக்தா.

மாநாட்டில் பெரிய தகராறு பெயரைப் பற்றித்தான் வந்தது. ‘இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி’ என்று வைக்க வேண்டும் என்றார் சத்யபக்தா. ‘இந்தியாவின் கம்யூனிஸ்ட் கட்சி’ என்று வைக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்குத் தோன்றும். (தமிழில் இன்று இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்.) ஆனால் 1920ல் கம்யூனிஸ்ட் அகிலம் போட்ட 21 நிபந்தனைகளில் ஒன்று இதைப் பற்றியது. சேருகிற கட்சி ஒவ்வொன்றும் ‘இன்ன நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சி, அகிலத்தின் பிரிவு’ என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது மாஸ்கோ தலைமைக் கடை, மற்றதெல்லாம் கிளைக் கடை. நாட்டின் பெயர் கடை இருக்கிற இடத்தைக் காட்டும் பலகை. சத்யபக்தாவுக்கு இது பிடிக்கவில்லை, வெளியேறித் தனிக் கட்சி வைத்தார். எஸ்.வி. காட்டேயும் பாகர்ஹட்டாவும் செயலாளர்கள் ஆனார்கள். காட்டே மங்களூரில் பிறந்து பம்பாயில் வேலை பார்த்தவர். ஆக, முதல் செயலாளர்களில் ஒருவரே நம்மைப் போல் வெளியூரான்தான். வகுப்புவாத அமைப்பில் இருப்பவர் எவரும் கட்சியில் உறுப்பினராகக் கூடாது என்ற விதியும் அந்த மாநாட்டில் வந்ததே.

கொரியாவில் இதே விதி செய்த வேலை

ஒரு நாட்டில் ஒரு கட்சி என்னும் இந்த விதியின் முழு பலத்தையும் பார்க்க வேண்டுமானால் கொரியாவுக்குத்தான் போக வேண்டும். கான்பூர் நடந்த அதே 1925ல், எட்டு மாதம் முந்தி, ஏப்ரல் 17 அன்று சியோல் நகரில் ஒரு சீன உணவு விடுதியில் கொரியக் கம்யூனிஸ்ட் கட்சி ரகசியமாகத் தொடங்கப்பட்டது. கொரியா 1910 முதல் ஜப்பான் ஆட்சியில் இருந்த காலம். தொடங்கியவர்களில் பலர் பத்திரிகைக்காரர்கள், படிப்பு வட்டத்துக்காரர்கள். ஒரு வட்டத்துக்குப் பெயரே ‘செவ்வாய்க்கிழமைக் கழகம்’. மார்க்ஸ் பிறந்த 1818 மே 5 செவ்வாய்க்கிழமையாம்.

போலீஸ் பிடிக்கும், கட்சி கலையும், மிச்சம் இருப்பவர்கள் மறுபடி அமைப்பார்கள், மறுபடி பிடிக்கும். 1928க்குள் இப்படி நாலு தடவை. வெளியே போலீஸ், உள்ளே கோஷ்டிச் சண்டை. 1928 டிசம்பரில் கம்யூனிஸ்ட் அகிலம் பொறுமை இழந்து அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. படித்தவர் கட்சியாக இராதீர்கள், ஆலையிலும் வயலிலும் இருந்து புதிதாகக் கட்டுங்கள் என்று உத்தரவு.

கட்சியே இல்லாத நாட்டின் கம்யூனிஸ்டுகள் எங்கே போவது? இங்கேதான் விதி வேலை செய்தது. பிழைப்புக்காக மஞ்சூரியா போயிருந்த கொரியர்கள் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர வேண்டும். ஜப்பானில் கூலி வேலை பார்த்த கொரியர்கள் ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர வேண்டும். 1930, 31ல் அப்படியே சேர்ந்தார்கள். பிற்காலத்தில் வட கொரியாவை ஆண்ட கிம் இல் சுங் 1931ல் சேர்ந்தது சீனக் கட்சியில்! ஜப்பானில் கிம் சொன் ஹே என்ற கொரியத் தோழர் பல வருஷம் சிறையில் இருந்து, 1945ல் வெளிவந்து, ஜப்பான் கட்சியின் உயர் தலைமையிலேயே இடம் பெற்றார். தன் நாட்டை அடிமையாக்கிய நாட்டின் கட்சியில் தலைவர்! இதைப் பெருந்தன்மை என்பதா, கொடுமை என்பதா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். 1955ல் ஜப்பான் கொரியர்கள் அந்தக் கட்சியை விட்டு விலகித் தங்களுக்கென்று ‘சோங்ரியோன்’ என்ற சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷம் ஓடிய கணக்கு அத்தோடு மூடப்பட்டது.

தாய்நாட்டுக் கதையையும் ஒரு வார்த்தையில் சொல்லி விடுகிறேன். 1945ல் ஜப்பான் தோற்றதும் பாக் ஹொன் யோங் சியோலில் கட்சியை மீண்டும் கட்டினார். நாடு இரண்டாகப் பிளந்ததால் 1946ல் வடக்குத் தொழிலாளர் கட்சி, தெற்குத் தொழிலாளர் கட்சி என்று இரண்டாயின. 1949ல் இரண்டும் இணைந்து கொரியத் தொழிலாளர் கட்சி ஆயின. சுத்தியல், அரிவாளுக்கு நடுவில் ஓர் எழுதுதூரிகை, அதுதான் அதன் சின்னம். படித்தவர்களை வைத்துக் கட்சி கட்டாதே என்று 1928ல் வாங்கிய திட்டுக்கு இது பதிலோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பாக் ஹொன் யோங்குக்கு 1955ல் அந்தக் கட்சியின் ஆட்சியே மரண தண்டனை விதித்தது.

தமிழரும் இந்த விதிக்கு உட்பட்டவர்களே. 1930ல் அமைந்த மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியில் பெரும்பாலோர் சீனர். ஆனாலும் மலாயாவில் இருப்பவன் எந்த இனமானாலும் அந்தக் கட்சிதான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன எஸ்.ஏ. கணபதி அங்கே அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் வெள்ளைக்காரன் அவரைத் தூக்கிலிட்டான்.

பம்பாய்க் கணக்கு

இனி நம் ஊர். 1928ல் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் நடுவில் பிறந்ததே கிர்ணி காம்கார் யூனியன். டாங்கே முதலியோர் தலைமை. சில நூறு பேரோடு தொடங்கிய சங்கம் ஆண்டு முடிவதற்குள் 50,000 உறுப்பினரைத் தாண்டியது. இதன் பலம் மேலே இருந்த தலைவர்களால் மட்டும் வந்ததல்ல. ஒவ்வொரு ஆலையிலும் ‘கிர்ணி சமிதி’ என்று ஆலைக் குழு வைத்தார்கள். சந்தா வசூல், புகார், மேஸ்திரியோடு தகராறு, எல்லாம் அந்தக் குழுவின் வேலை. 1929 மார்ச் 20 அன்று மீரட் சதி வழக்கில் தலைவர்களை அள்ளிக்கொண்டு போன பிறகும் சங்கம் உடனே சாகாததற்கு இந்தக் கீழ்மட்ட அமைப்பே காரணம்.

கட்சி அமைப்பும் இதே தத்துவம்தான். கீழே கிளை, அதற்கு மேல் வட்டார, மாவட்ட, மாநிலக் குழுக்கள், உச்சியில் மத்தியக் குழு. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுத்த பின் மேலே சொன்னதைக் கீழே செய்ய வேண்டும். இதற்கு ஜனநாயக மத்தியத்துவம் என்று பெயர். கிளை என்பது சாதி, மொழி, மதம் பார்த்து அமைவதல்ல. வேலை செய்கிற இடம், இல்லாவிட்டால் குடியிருக்கிற இடம். இந்த இடத்தில்தான் பம்பாய்த் தமிழனின் சிக்கல் ஆரம்பம்.

ஏனென்றால் ஆலைக்கு ஆள் எடுத்தவர் மேஸ்திரி. அவர் தன் ஊர், தன் உறவு பார்த்துத்தான் எடுப்பார். ரத்னகிரி, சதாரா, கோலாப்பூர் ஆட்கள் ஆலையை நிரப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் ஏழை ஜனங்கள் தாராவித் தோல் கிடங்கிலும் துறைமுகத்திலும் முனிசிபாலிட்டி துப்புரவிலும் போய் நின்றார்கள். படித்தவர்கள் மாதுங்காவில் அறை எடுத்துத் தங்கி டைப்பும் சுருக்கெழுத்துமாகக் கோட்டைப் பகுதி ஆபீசுகளுக்குப் போனார்கள். சிவப்புக் கொடியின் இதயம் பரேல், லால்பாக். தமிழன் இருந்ததோ அதற்கு வெளியே. கட்சி தமிழனை ஒதுக்கியது என்று சொல்ல மாட்டேன். அது ஆள் சேர்த்த இடத்தில் தமிழன் அதிகம் இல்லை, அவ்வளவுதான்.

எதிர்த் திசையில் நடந்த போக்குவரத்தைப் பார்த்தால்தான் இந்த விதியின் நல்ல பக்கம் தெரியும். ராவல்பிண்டிப் பக்கத்து அமீர் ஹைதர் கான், கப்பலில் வேலை பார்த்தவர், மீரட் வழக்கில் பம்பாயில் பிடிபடாமல் தப்பியவர். 1931ல் சென்னைக்கு வந்து ‘சங்கர்’ என்ற பெயரில் இளைஞர்களைச் சேர்த்தார். அவர் சேர்த்தவர்களில் ஒருவர் சுந்தரய்யா. மறு ஆண்டே கைது. அவருக்குப் பின் மீரட்டிலிருந்து விடுதலையான காட்டே சென்னையில் வேலை செய்தார். தென் கன்னடத்து பி. சீனிவாசராவை 1943ல் கட்சி தஞ்சாவூருக்கு அனுப்பியது. தமிழ் அவருக்குப் பிறந்த மொழி அல்ல. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த கொடுமை தஞ்சையில் ஒழிந்ததற்கு அவர் கட்டிய விவசாயிகள் சங்கம் பெரிய காரணம். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961ல் அவர் காலமானார். இவர்களில் யாரையும் தமிழ்நாட்டுக் கட்சி வெளியூரான் என்று எழுதவில்லை. வேலை செய்த ஊரே சொந்த ஊர்.

கட்சி 1934ல் தடை செய்யப்பட்டது. 1942ல் தடை நீங்கியது. அப்போது தலைமை அலுவலகம் பம்பாய் கேத்வாடி, சாண்டர்ஸ்ட் ரோட்டில் இருந்தது. பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி. முதல் அகில இந்திய மாநாடு 1943 மே 23 முதல் ஜூன் 1 வரை பம்பாயிலேயே கூடியது. அப்போது உறுப்பினர் 15,000க்குச் சற்று மேல். தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தோடு இந்தி, உருது, மராத்தி, குஜராத்தியிலும் பத்திரிகை வந்தது. தமிழுக்கு ஜீவா 1937ல் தொடங்கிய ‘ஜனசக்தி’ சென்னையில் இருந்தது. பம்பாய்த் தமிழன் அதைத் தபாலில் வரவழைத்துப் படிக்க வேண்டியதுதான்.

மொழிவாரி மாகாணம் வேண்டும் என்று முன்னின்றவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு. கட்சிக் குழுக்களையும் மொழிவாரியாகவே வைத்தார்கள். சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் ஆச்சார்ய அத்ரே, எஸ்.எம். ஜோஷி ஆகியோரோடு டாங்கேயும் முன்னணியில் நின்றார். 1960 மே 1ல் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. கொள்கை சரிதான். ஆனால் மொழிவாரி மாநிலத்தில் வேறு மொழிக்காரன் எங்கே நிற்பான்? கட்சியின் விடை பழைய விடைதான்: இருக்கிற இடத்துக் கமிட்டியில் நில்.

1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. ‘லுங்கி ஹடாவ்’ காலத்தில் உடுப்பி ஓட்டல்காரரும் மதராஸி குமாஸ்தாவும் பட்ட பாட்டை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அதே காலத்தில் அடி வாங்கியது சிவப்புக் கொடியும். 1967 டிசம்பரில் பரேல் தல்வி கட்டடத்தில் இருந்த கிர்ணி காம்கார் யூனியன் அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூனில் பரேல் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் கொலை செய்யப்பட்டார். இடைத்தேர்தலில் அவர் மனைவி சரோஜினி நின்றார். சிவசேனையின் வாமன்ராவ் மகாடிக் வென்றார். ஆக ஒரே காலத்தில் தமிழனும் கம்யூனிஸ்டும் ஒரே கையால் தள்ளப்பட்டார்கள். ஆனாலும் இருவரும் பெருமளவில் ஒன்று சேரவில்லை. அந்த இடத்தைப் பிடித்தது திராவிடக் கட்சிகள். அவர்கள் விதி தலைகீழ் விதி. தமிழன் எங்கே போனானோ அங்கே கட்சி போகும். தாராவியில் கொடி, படிப்பகம், அண்ணா பிறந்தநாள், கலைஞர் பிறந்தநாள், எம்.ஜி.ஆர். மன்றம். அது மனசுக்கு நெருக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் அட்டைக்கும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பேச முடியுமா? அங்கே ஊர்க் கமிட்டி தேவைப்படுகிறது. 1977ல் பம்பாய் வட மத்தியத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் அகில்யா ரங்கணேகர் நாடாளுமன்றத்துக்கு வென்றார். விலைவாசிக்கு எதிராகப் பெண்களைப் பூரிக்கட்டையும் தட்டுமாக ஊர்வலம் கூட்டியவர்களில் ஒருவர் அவர். அது சமையலறைப் போராட்டம், மொழி பார்க்காத போராட்டம்.

பிளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எல்லோருக்கும் தெரிந்ததே. 1964 ஏப்ரல் 11ல் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா நம்மவர்கள். மார்க்சிஸ்ட் மாநாடு கல்கத்தாவிலும் மற்றதன் மாநாடு டிசம்பரில் பம்பாயிலும் நடந்தன. இரண்டுமே தன்னை ஏழாவது மாநாடு என்றே எண்ணிக்கொண்டது! 32 பேரில் சங்கரய்யா 2023 நவம்பரிலும் கேரளத்து அச்சுதானந்தன் 2025 ஜூலையிலும் மறைந்தார்கள், இருவரும் நூறைத் தாண்டி. அமைப்பிலும் வேறுபாடு உண்டு. 1958 அமிர்தசரஸ் மாநாட்டில் மத்தியக் குழு என்ற பெயரைத் தேசியக் குழு என்று மாற்றியிருந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி மத்தியக் குழு, அரசியல் தலைமைக் குழு என்ற பழைய பெயர்களுக்கே திரும்பியது. கொரியாவில் எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு கட்சி ஒன்றானது. இங்கே எல்லைக்கோடு எதுவும் இல்லாமலே ஒன்று இரண்டானது.

செம்பூரில் என் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிப் பக்கம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷக் கட்சி உறுப்பினர். “சார், உங்க அட்டை எந்த ஊர்?” என்று ஒரு தடவை கேட்டேன். “மகாராஷ்டிரா அட்டைதான் அண்ணாச்சி. கூட்டம் மராத்தி. முதல் ரெண்டு வருஷம் தலையாட்டினேன், மூணாவது வருஷம் பேசினேன், அப்புறம் நானே குறிப்பு எழுதினேன்” என்றார். ‘தீக்கதிர்’ படிப்பாராம், ஆனால் அதில் வரும் போராட்டம் எதிலும் அவருக்கு வேலை இல்லை. ஊருக்குத் திரும்பினால் உறுப்பினர் பதிவை மாற்றி வாங்கிக்கொள்ளலாம், விதி உண்டு. “அங்க போனா என்னை பம்பாய்க்காரன்னுதான் சொல்லுவாங்க” என்று சிரித்தார். மராத்திக் கூட்டத்தில் மராத்தியில் குறிப்பு எழுதும் தமிழர் இவரைப் போல் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரைத் தேடுகிறவன் தமிழ்நாட்டுக் கட்சி வரலாற்றையும் புரட்ட வேண்டும், மராத்தி வரலாற்றையும் புரட்ட வேண்டும்.

இனி ஆச்சார்யா. கட்சியை விட்டு நீங்கிய பின் அவர் எந்த அரசும் வேண்டாம் என்னும் கொள்கைக்காரர் ஆனார். ரஷ்ய ஓவியர் மக்தா நாக்மனை மணந்து பெர்லினில் இருந்தார். ஹிட்லர் வந்ததும் அங்கிருந்து கிளம்பி 1935ல் பம்பாய் சேர்ந்தார். மனைவி பின்னால் வந்தார். வால்கேஷ்வர் பக்கம் குடியிருப்பு. பத்திரிகைகளுக்கு எழுதுவதும் மனைவி வரையும் படங்களுமே ஜீவனம். எட்டு, பத்து பர்லாங்கு தூரத்தில்தான் 1940களில் கட்சித் தலைமையகம் இருந்தது. 1951 பிப்ரவரியில், தன் ஓவியக் கண்காட்சி திறப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் மக்தா இறந்தார். 1954 மார்ச் 20 அன்று ஆச்சார்யா இறந்தார், வறுமையில். திருவல்லிக்கேணியும் தாஷ்கண்டும் தெரிந்த அந்த மனிதர் மாதுங்காவில் காய்கறி வாங்க வந்திருக்க மாட்டாரா, தமிழில் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டாரா என்று நினைப்பேன். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். அவரைப் பார்த்தவரோ, வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்டவரோ நம் குடும்பங்களில் யாராவது இருந்தால் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுக்க வேண்டுகிறேன். கையெழுத்து எப்படி இருந்தாலும் சரி, படித்து எடுத்துக்கொள்வேன்.